செஞ்சதுக்கத்தில் பால் மெக்கார்ட்னி: படம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் படத்தை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவது என் வழக்கம். முடிந்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இது என்ன படம், எந்தக் கச்சேரி?

2003 மே 24 அன்று மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் பால் மெக்கார்ட்னி நடத்திய கச்சேரி. பீட்டில்ஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர், ஜான் லெனனோடு சேர்ந்து அந்தக் குழுவின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். அன்று அவருக்கு 60 வயது, 61 நிறைய ஒரு மாதம்கூட இல்லை. அத்தனை வருடத்தில் ரஷ்ய மண்ணில் அவர் மேடை ஏறியது அதுவே முதல் தடவை.

படத்தின் பெயர் 'பால் மெக்கார்ட்னி இன் ரெட் ஸ்கொயர்'. இயக்கியவர் மார்க் ஹேஃபெலி. 2003 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது, 2005இல் டிவிடி ஆனது. கச்சேரியை அப்படியே எடுத்துப் போட்ட படம் இல்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவே ரஷ்யர்கள் வந்து பேசுகிறார்கள். முன்னாள் அதிபர் கோர்பச்சேவ் வருகிறார். அன்றைய ராணுவ அமைச்சர் செர்கெய் இவானோவ், பீட்டில்ஸ் பாட்டு கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகியதைச் சொல்கிறார். இசை விமர்சகர் ஆர்தெமி த்ரொயித்ஸ்கி பேசுகிறார்.

கூட்டத்தில் இத்தனை பேர் ஏன் அழுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இந்தப் படத்தில் பார்க்க வேண்டியதே கூட்டத்தைத்தான். மேடையில் நடப்பது உலகத்தின் எந்த ஊரிலும் அவர் பாடியதுதான். அதே பாட்டுகள், அதே வாத்தியக்காரர்கள். கேட்பவர்கள்தான் வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1964இல் 14 வயதுப் பையனாக இருந்தவருக்கு 2003இல் 53 வயது. கேமரா திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த வயதுக்காரர்களின் முகத்தில்தான். தலை நரைத்துவிட்டது, உதடு மட்டும் ஒரு வார்த்தை பிசகாமல் பாட்டோடு அசைகிறது. மேடையில் இருப்பவர் தங்கள் ஊருக்கு ஒருநாளும் வரமாட்டார் என்று நம்பியே வளர்ந்தவர்கள் அவர்கள். வந்துவிட்டார், அதுவும் கிரெம்ளின் மதிலுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார். அழாமல் என்ன செய்வார்கள்?

பீட்டில்ஸ் பாட்டு கேட்டால் சோவியத் யூனியனில் ஜெயிலில் போட்டுவிடுவார்களா?

வீட்டில் உட்கார்ந்து கேட்டதற்காக மட்டும் ஜெயிலுக்கு அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே மூடியிருந்தது வேறு விதமாக. நாட்டில் இசைத்தட்டு போடுவது அரசு நிறுவனம் ஒன்றே ஒன்று, மெலோடியா. அறுபதுகளில் அது பீட்டில்ஸின் தட்டு எதையும் வெளியிடவில்லை. வானொலி அரசுடையது, அதிலும் வராது. பத்திரிகைகள் அந்த நால்வரைக் கேலி செய்து எழுதின. முடி நீளமாக வளர்த்த பையன்களைப் பள்ளியிலும் இளைஞர் அமைப்பிலும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கள்ளத்தனமாகப் பதிவு செய்து விற்றவர்கள்தான் நிஜமாகவே சிறைக்குப் போனார்கள்.

ஒரே ஒரு பாட்டு முதலில் உள்ளே நுழைந்தது. 1967இல் மெலோடியா ஒரு கலவைத் தட்டில் 'கேர்ள்' பாட்டைச் சேர்த்தது. ஆங்கில நாட்டுப்புறப் பாட்டு என்று போட்டிருந்தார்கள்!

அப்படியானால் பாட்டு மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். படம் இதைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறது.

போர் முடிந்த கையோடு, 1946 வாக்கில் லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இசைத்தட்டு செய்யப் பொருள் கிடைக்காது. ஆஸ்பத்திரிகளில் பழைய எக்ஸ்ரே பிலிம்கள் குவிந்து கிடந்தன, சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் அவற்றைக் கழித்துவிட வேண்டிய கட்டாயமும் இருந்தது. அதைச் சல்லிசாக வாங்கி வந்து, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட் நெருப்பால் ஓட்டை போட்டு, வீட்டிலேயே செய்த கருவியில் வைத்துப் பாட்டைக் கீறினார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும், அதன் மேல் வட்ட வட்டமாகக் கோடுகள் ஓடும். ஒரு பக்கம்தான் பாடும், அதுவும் மூன்று நிமிடம். மெல்லிய பிலிம் ஆனதால் சில தடவை ஓட்டினாலே தேய்ந்துவிடும். மக்கள் இதற்கு வைத்த பெயர் 'எலும்பு மேல் இசை', சுருக்கமாக 'விலா எலும்பு'. இதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி இதற்காகவே பல தடவை சிறை சென்று வந்தார்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே தட்டையும் பீட்டில்ஸையும் பலர் சேர்த்தே பேசுகிறார்கள். எக்ஸ்ரே தட்டின் காலம் முக்கியமாக 1950கள். எல்விஸ், ஜாஸ், நாடு விட்டுப் போன ரஷ்யப் பாடகர்கள், இவர்கள்தான் அதில் ஓடியவர்கள். பீட்டில்ஸ் வரும்போது ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கப்பலில் வேலை பார்த்தவரோ, வெளிநாடு போய்வந்த அதிகாரியின் பிள்ளையோ ஒரு தட்டைக் கொண்டுவருவார். அதிலிருந்து ஒரு டேப், அந்த டேப்பிலிருந்து இன்னொன்று. பத்தாவது கைக்கு வரும்போது பாட்டைவிட இரைச்சல் அதிகம் இருக்கும். ஆங்கிலம் தெரியாதவர்கள் காதில் விழுந்தபடி ரஷ்ய எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார்கள். மின்சார கிட்டார் கடையில் கிடையாது, பலகையை இழைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகத்துக்காகத் தெருவில் இருந்த பொதுத் தொலைபேசிகளின் ரிசீவர்களைக் கழற்றிக்கொண்டு போன கதையை அந்தத் தலைமுறை இன்றும் சொல்லும்.

அப்புறம் சிற்றலை வானொலி. 1977 முதல் பிபிசியின் ரஷ்ய சேவையில் சேவா நவ்கோரத்சேவ் நடத்திய ராக் இசை நிகழ்ச்சிக்காக நாடு முழுக்க ராத்திரியில் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

எங்கள் வீட்டுக்கு அந்தக் காலத்தில் 'சோவியத் நாடு' பத்திரிகை வரும். வழவழவென்ற தாள், பள்ளி நோட்டுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது. என் கணக்கு நோட்டின் மேல் வருடம் முழுக்க ஒரு டிராக்டரோ பாலே நடனப் பெண்ணோ இருப்பார்கள். விலா எலும்பின் மேல் பாட்டுக் கீறியவர்களைப் பற்றி அந்தப் பத்திரிகையில் ஒரு வரி வந்ததில்லை. அந்த நாட்டைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் படித்தபோதுதான் எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பது உறைத்தது.

பீட்டில்ஸ் விமானத்தில் போகும் வழியில் ரஷ்யாவில் இறங்கி ரகசியமாகப் பாடினார்களாமே?

இல்லை. 1966இல் ஜப்பான் போகும் வழியில் இறங்கினார்கள், விமானத்தின் இறக்கை மேல் நின்று பாடினார்கள் என்றெல்லாம் சோவியத் ஊர் ஊருக்கு ஒரு கதை உண்டு. உண்மையில் அந்தப் பயணத்தில் அவர்கள் ஹாம்பர்க்கில் கிளம்பி அலாஸ்கா வழியாக டோக்கியோ போனார்கள். ஆனாலும் அந்தக் கதையை நான் தள்ளிவிட மாட்டேன். எவ்வளவு ஏக்கம் இருந்தால் அப்படி ஒரு கதை பிறக்கும்.

பீட்டில்ஸின் 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்' பாட்டு சோவியத் யூனியனைப் புகழ்கிறதா, கிண்டல் செய்கிறதா?

கிண்டல் செய்வது அமெரிக்கப் பாட்டுகளை. சக் பெர்ரி அமெரிக்கா திரும்பிய மகிழ்ச்சியைப் பாட்டாகப் பாடியிருந்தார். பீச் பாய்ஸ் குழு ஊர் ஊராகப் பெண்களின் அழகை வர்ணித்திருந்தது. இந்த இரண்டையும் கலந்து, ஒரு சோவியத் ஆள் மயாமியிலிருந்து விமானம் ஏறித் தன் ஊருக்குத் திரும்பினால் எப்படிக் குதூகலிப்பான் என்று எழுதிய பாட்டு. எழுதிய இடம் நம் ரிஷிகேஷ். 1968 தொடக்கத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் பீட்டில்ஸ் தங்கியிருந்தபோது பீச் பாய்ஸின் மைக் லவ்வும் அங்கே இருந்தார். காலைச் சாப்பாட்டு நேரத்தில் மெக்கார்ட்னி இந்தப் பாட்டை வாசித்துக் காட்ட, ரஷ்யப் பெண்களைப் பற்றியும் சேர்க்கச் சொன்னவர் அவர். அப்படித்தான் உக்ரைன் பெண்கள், மாஸ்கோ பெண்கள், ஜார்ஜியா என்று வரிகள் வந்தன.

பதிவு செய்தது அதே வருடம் ஆகஸ்ட் 22, 23 தேதிகளில். குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போயிருந்த சமயம் அது, பெரும்பாலும் மெக்கார்ட்னிதான் டிரம்ஸ் வாசித்தார். அதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னால் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்திருந்தன. பாட்டு வெளிவந்ததும் அமெரிக்காவில் சில வலதுசாரி அமைப்புகள் பீட்டில்ஸ் கம்யூனிஸ்டுகள் என்று கிளம்பியது அதனால்தான். அதே பாட்டு செஞ்சதுக்கத்தில் ஒலிக்கும்போது கூட்டம் போடும் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். 35 வருடம் உள்ளே அடைத்து வைத்திருந்த சத்தம்.

செஞ்சதுக்கத்தில் பாடிய முதல் ராக் கலைஞர் இவர்தானா?

இல்லை. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் 1999லேயே அங்கே பாடிவிட்டார்கள். ரஷ்யாவில் பாடிய முதல் பீட்டிலும் இவர் இல்லை. ரிங்கோ ஸ்டார் தன் குழுவோடு 1998இல் போய்வந்தார்.

நாடு இறுக மூடியிருந்த காலத்திலேயே போனவர் எல்டன் ஜான். 1979 மே மாதம், லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் எட்டுக் கச்சேரிகள். 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்' வேண்டாம் என்று அதிகாரிகள் கேட்டுக்கொண்டும் அவர் அதைப் பாடிவிட்டுத்தான் இறங்கினார். 1987இல் பில்லி ஜோயல். 1989இல் மாஸ்கோ லெனின் ஸ்டேடியத்தில் ஹெவி மெட்டல் குழுக்கள். 1991 செப்டம்பரில் துஷினோ விமானத் திடலில் ஏசி/டிசியும் மெட்டாலிக்காவும். மெக்கார்ட்னி வந்தபோது கதவு திறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கெல்லாம் அப்புறம் வந்தும் இந்தக் கச்சேரிக்கு அப்படி ஒரு கனம் இருந்தது என்றால், மற்றவர்கள் எல்லாரும் ராக் பாடகர்கள், இவர் அந்த டேப்பிலிருந்து வந்த குரல்.

அவர் ரஷ்யர்களுக்கு மட்டும் ஒரு ஆல்பம் போட்டாராமே?

ஆமாம். 1987 ஜூலையில் இரண்டே நாளில் சில வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து, தன் இளமைக்கால ராக் அண்ட் ரோல் பாட்டுகளை நேரடியாகப் பாடிப் பதிவு செய்தார். அடுத்த வருடம் அதை மெலோடியா வெளியிட்டது. பெயர் 'ஸ்னோவா வ் எஸ்எஸ்எஸ்எர்', அதாவது 'மீண்டும் சோவியத் யூனியனில்'. வேறு எந்த நாட்டிலும் 1991 வரை அது வெளியாகவில்லை. இத்தனை நாளாக மேற்கிலிருந்து ரஷ்யாவுக்குத் தட்டு கடத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது ரஷ்யாவிலிருந்து மேற்குக்குக் கடத்தி நல்ல விலைக்கு விற்றார்கள்.

படத்தில் புதின் வருகிறாரே, அது என்ன?

கச்சேரி அன்று பகலில் மெக்கார்ட்னியைக் கிரெம்ளினுக்கு அழைத்துச் சுற்றிக் காட்டினார் புதின். இளம் வயதில் பீட்டில்ஸ் கேட்டதுண்டா என்று மெக்கார்ட்னி கேட்க, அது புதுக்காற்று மாதிரி, வெளி உலகத்தைப் பார்க்கும் ஜன்னல் மாதிரி இருந்தது என்று பதில் சொன்னார். மெக்கார்ட்னி அங்கேயே பியானோவில் அவருக்காக 'லெட் இட் பி' பாடினார்.

சாயங்காலம் கச்சேரி பாதி நடந்துகொண்டிருந்தபோது புதின் வந்து கூட்டத்தில் உட்கார்ந்தார். கூட்டம் அவரைப் பார்க்கத் திரும்பியது. 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்' அதற்குள் முடிந்திருந்ததால், மெக்கார்ட்னி அதைக் கடைசியில் இன்னொரு தடவை பாடினார்.

முழுக் கச்சேரியும் படத்தில் இருக்கிறதா? பாட்டு நடுவில் வெட்டிப் பேச விடுகிறார்களே?

முழுதாக இல்லை. ரசிகர்கள் இதற்காகக் குறைபட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல பாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் ஒருவர் வந்து பேச ஆரம்பித்தால் எனக்கும் எரிச்சல் வரும். 'லிவ் அண்ட் லெட் டை'யின் வெடிகளும் 'ஹே ஜூட்'டும் இருக்கின்றன. டிவிடியில் 2004 ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனைச் சதுக்கத்தில் அவர் பாடிய கச்சேரியிலிருந்தும் பாட்டுகள் சேர்த்திருக்கிறார்கள். பாட்டு மட்டும் போதும் என்பவர்கள் அந்தப் பகுதியைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அந்தப் பேச்சுகள் வேண்டும். அவை இல்லையென்றால் இது நூற்றில் ஒரு கச்சேரிப் படமாகப் போயிருக்கும்.

சோவியத் யூனியன் விழுந்ததே பீட்டில்ஸால்தான் என்கிற மாதிரி பேசுகிறார்களே, ஒத்துக்கொள்கிறீர்களா?

அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். எண்ணெய் விலைச் சரிவு, ஆப்கானிஸ்தான் போர், காலிக் கடைகள், குடியரசுகளின் விடுதலை வேட்கை என்று பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அங்கே இருப்பது கெட்டது, இங்கே இருப்பது நல்லது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டேப்பைப் போட்டால், அங்கிருந்து வந்த குரல் அத்தனை அழகாக இருந்தது. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்காமல் இருக்குமா?

இதே மாதிரி வேறு படங்கள் உண்டா?

இரண்டைச் சொல்வேன். ஒன்று, 1986 ஜூலை 27 அன்று புடாபெஸ்டின் நெப்ஸ்டேடியனில் குயின் குழு நடத்திய கச்சேரி. ஹங்கேரி இன்னும் இரும்புத்திரைக்குள் இருந்த நாள். யானோஷ் ஜோம்போயாய் இயக்கத்தில் ஹங்கேரிக் குழுவே படம் பிடித்தது. ஃப்ரெடி மெர்குரி உள்ளங்கையில் ஹங்கேரிய வரிகளை எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு ஒன்றைப் பாடுவார். நடுநடுவே கையைப் பார்ப்பது நன்றாகத் தெரியும். கூட்டம் அதையும் சேர்த்தே கொண்டாடும்.

இன்னொன்று 'ஹவானா மூன்'. 2016 மார்ச் 25, கியூபாவில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரி, இயக்கம் பால் டக்டேல். ஒபாமா ஹவானாவுக்கு வந்துபோன அதே வாரம். ராக் இசையை ஒதுக்கி வைத்திருந்த அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். அங்கேயும் எனக்குப் பிடித்தவை முகங்கள்தான்.

2022க்குப் பிறகும் இந்தப் படத்தைப் பார்க்க மனம் வருகிறதா?

வருகிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை. புதின் வரும் இடத்தில் நெஞ்சு இறுகிவிடுகிறது.

அன்று புதினுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் அந்த்ரேய் மகரேவிச். பள்ளி நாட்களில் அப்பா வீட்டில் ஒரு பீட்டில்ஸ் தட்டை டேப்பில் பிடித்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்து, அதிலேயே வாழ்க்கை திரும்பியவர். 1969இல் 'மஷினா வ்ரெமெனி', அதாவது 'கால யந்திரம்' என்ற குழுவைத் தொடங்கினார். ரஷ்ய ராக் இசையின் முன்னோடிகளில் ஒருவர். கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட 2014இல் அதை எதிர்த்துப் பேசினார், அவருடைய கச்சேரிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. 2022இல் போர் தொடங்கியதும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார். அரசு அவரை 'வெளிநாட்டு ஏஜென்ட்' பட்டியலில் சேர்த்தது. படத்தில் பேசும் த்ரொயித்ஸ்கியும் 2014லிருந்து எஸ்டோனியாவில் இருக்கிறார்.

மெக்கார்ட்னி 2008 ஜூனில் கீவ் நகரின் சுதந்திரச் சதுக்கத்தில் மழையில் இலவசமாகப் பாடினார். 2022 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முதல் நாள், மேடையில் உக்ரைன் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்த ஒரு சாயங்காலத்தின் மேல் எனக்குப் பிரியம் கூடத்தான் செய்கிறது. அந்த மக்கள் நடிக்கவில்லை. அவர்கள் சந்தோஷம் அத்தனையும் நிஜம்.

பீட்டில்ஸ் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. பார்க்கலாமா?

தாராளமாக. முதலில் 'ஹே ஜூட்' மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு உட்காருங்கள். அதன் கடைசிப் பகுதியில் அர்த்தமுள்ள வார்த்தை அதிகம் கிடையாது, 'நா நா நா' என்று நீண்டுகொண்டே போகும். சதுக்கத்தில் அந்த இடம் வரும்போது நீங்களும் சேர்ந்து பாடலாம், ரஷ்ய மொழியும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.